பிரவுசரைத் திறந்ததும் நான் செய்வதும் செய்யாததும்

பட்டா நகல் எடுப்பதில் இருந்து சித்தப்பாவுக்கு ரயில் டிக்கெட் போடுவது வரை எங்கள் வீட்டில் எல்லாம் என் தலையில்தான் விழும். கம்ப்யூட்டர் படித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள், படித்தது வணிகவியல். இணையத்தில் புழங்குவதற்கென்று சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். அதில் பாதி கிறுக்குத்தனம் என்று மனைவி சொல்வாள், மீதிப் பாதியை இப்போது அவளும் செய்கிறாள். இரண்டையும் கலந்தே எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். நானாகத் தேடிப் போய் எடுத்தால் சரி, அதுவாக என் முன்னால் வந்து நின்றால் வேண்டாம்.

அதனால் முதல் வேலை, பிரவுசர் திறந்ததும் கண்ணில் எதுவும் படாதபடி செய்வது. ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸுக்குள் ஹோம் என்றொரு பகுதி இருக்கும், அங்கே முகப்புக்கும் புது டேபுக்கும் வெற்றுப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். போனில் குரோம் வைத்திருந்தால், புது டேப் திறந்ததும் தேடல் பெட்டிக்குக் கீழே செய்திகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையின் தலைப்பில் இருக்கும் பல்சக்கரக் குறியைத் தொட்டு அணைத்துவிடலாம். கரண்ட் பில் கட்டப் போனவர் அரைமணி நேரம் கழித்து யாரோ ஒரு நடிகையின் வளைகாப்பில் நின்றுகொண்டிருப்பது இந்த வரிசையால்தான்.

அப்புறம் அறிவிப்புகள். ஏதாவது ஒரு தளத்துக்குள் நுழைந்த உடனே 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று சின்னதாக ஒரு பெட்டி வரும், படிக்க வந்ததைப் படித்தால் போதும் என்ற அவசரத்தில் எல்லோரும் 'அலவ்' அழுத்திவிடுவார்கள். ஊரில் பெரியவர்கள் யாருடைய போனையாவது வாங்கிப் பாருங்கள், 'உங்கள் போனில் வைரஸ்', 'உங்களுக்குப் பரிசு' என்று மேலே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது வைரஸே இல்லை, என்றைக்கோ ஒரு தளத்துக்குக் கொடுத்த அனுமதி. குரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் வரும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று அங்கேயே பூட்டிவிடலாம். இதைச் செய்து கொடுத்ததற்கே எனக்கு டாக்டர் மரியாதை கிடைத்த வீடுகள் உண்டு.

செய்தியும் வலைப்பதிவும் நான் படிப்பது ஆர்எஸ்எஸ் வழியாகத்தான். அந்த அமைப்பு இல்லை, தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஓடை. இப்படிப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியபோது பலரும் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள், எனக்கு விட மனம் வரவில்லை. ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலி ஒன்றில் கணக்குத் தொடங்கி, உங்களுக்குப் பிடித்த தளத்தின் முகவரியை ஒட்டினால் போதும், ஓடை இருந்தால் அதுவே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். யூடியூப் சேனல்களையும் இப்படியே சேர்க்கலாம், பலருக்கு இது தெரியாது. புதிதாக எழுதியது என்ன, ஏற்றியது என்ன என்று தேதி வரிசையில் நிற்கும். படித்து முடித்தால் தீர்ந்துவிடும். தீர்ந்துபோகிற ஒரு பட்டியலை இணையத்தில் பார்ப்பதே இப்போது அபூர்வம்.

தமிழில் தேடும்போது

தமிழில் தேடினால் ஒன்றும் வராது என்று ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகிறவர்கள் நிறைய. வரும். கொஞ்சம் வளைத்துத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

நம் சொற்கள் விகுதி ஒட்டியதும் உருமாறிவிடும். நீளமான ஒரு பக்கத்தில் ஒரு குளத்தைப் பற்றித் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். கன்ட்ரோல் எஃப் அழுத்தி 'குளம்' என்று அடித்தால் குளத்தில், குளத்துக்கு, குளங்கள் எதுவும் மாட்டாது, பக்கம் முழுக்கக் குளமாக இருந்தாலும் 'ஒன்றும் இல்லை' என்று கையை விரித்துவிடும். நான் கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'குள' என்று மட்டும் அடிப்பேன். கூடவே வேண்டாத ஒன்றிரண்டு சொற்கள் வந்து நிற்கலாம், பரவாயில்லை, தள்ளிக்கொண்டே போகலாம். மகர மெய்யில் முடியும் எந்தச் சொல்லுக்கும் இந்த வழி செல்லும்: மரம், படம், பாலம், சட்டம், பட்டம்.

அடுத்த தொல்லை எழுத்துக்கூட்டல். இணையதளம், இணையத்தளம், இணையத் தளம் என்று மூன்று விதமாக எழுதுகிறோம், மூன்றுக்கும் முடிவுகள் ஒன்றாக இருக்காது. புதுச்சேரி, புதுவை, பாண்டிச்சேரி என்று ஊருக்கே மூன்று பெயர். இலங்கைத் தளங்களில் டாக்டர் டொக்டராக இருப்பார், காபி கோப்பியாக இருக்கும். கூகுளில் இரண்டு சொற்களுக்கு நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஓஆர்' என்று போட்டால் இரண்டில் எது இருந்தாலும் கொண்டுவரும். நான் பெரும்பாலும் மூன்று வடிவத்தையும் போட்டே தேடுவேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ மந்திரம் எழுதுவது போலத் தெரியும்.

மேற்கோள்குறி, கழித்தல் குறி இரண்டும் எல்லோரும் கேள்விப்பட்டதுதான், ஆனால் கை தானாகப் போகிற அளவுக்குப் பழக வேண்டும். பாட்டில் ஒரு வரி மட்டும் நினைவிருந்தால் அதை இரட்டை மேற்கோள்குறிக்குள் போடுங்கள். வேண்டாத பொருள் வந்து குவிந்தால், அதில் அடிக்கடி வரும் சொல்லுக்கு முன்னால் இடைவெளி இல்லாமல் கழித்தல் குறி. கரிசலாங்கண்ணி என்று தேடினால் முதலில் தலைமுடி எண்ணெய் வியாபாரம்தான் வந்து நிற்கும். எண்ணெய், முடி இரண்டையும் கழித்துவிட்டால் செடி வெளியே வரும். ஒரே தளத்துக்குள் தேட, ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரி. அரசாணை, பாடப்புத்தகம், சுற்றறிக்கை மாதிரியானவற்றுக்கு 'ஃபைல்டைப்' முக்காற்புள்ளி 'பிடிஎஃப்'. இது ஒன்று போதும், குப்பைத் தளங்களில் பெரும்பகுதி விலகிவிடும்.

கூகுள் முடிவுகளுக்கு மேலே படம், வீடியோ என்று வரிசையாக இருக்கும் இடத்தில் 'வெப்' என்று ஒன்று இருக்கிறது, சில சமயம் 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். 2024 மே மாதம் வந்தது. அதைத் தொட்டால் இயந்திரம் எழுதிய சுருக்கம், கடைகள், வீடியோக்கள் எல்லாம் போய்ப் பழைய மாதிரி வெறும் இணைப்புகள் மட்டும் வரும். எனக்கு அதுதான் கூகுள்.

செடி, மீன், பறவை என்றால் ஒரு தனி வழி வைத்திருக்கிறேன். சென்னையில் வஞ்சிரம் என்பதைக் குமரிப் பக்கமும் கேரளத்திலும் நெய்மீன் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. மூன்று பெயரிலும் எழுதியிருப்பவர்களின் தகவல் ஒன்றோடொன்று சேராமலே கிடக்கும். அப்போது முதலில் விக்கிப்பீடியாவில் அதன் அறிவியல் பெயரைப் பிடிப்பேன். வஞ்சிரத்துக்கு ஸ்கோம்பெரோமோரஸ் காமர்சன். அதை வைத்துத் தேடினால் எந்த ஊர்ப் பெயரில் எழுதியிருந்தாலும் அகப்படும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் 'தமிழ்' இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே மாதிரிதான், எந்த அகராதியிலும் இல்லாத கலைச்சொல்லுக்கு அங்கே பதில் கிடைத்துவிடும்.

அரசாங்க வேலை என்றால்

இங்கே மட்டும் நான் கொஞ்சம் கெடுபிடி. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்றிதழ் என்று எதைத் தேடினாலும் மேலே வருவதில் பாதி, அரசுத் தளம் மாதிரி வேடம் போட்ட தனியார் பக்கங்கள். சிலது விளம்பரம் காட்டிப் பிழைப்பவை, அவற்றால் நேரம்தான் வீண். சிலது ஆதார் எண்ணையும் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆரம்பத்தில் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படியுங்கள். முதலில் 'இன்', அடுத்து 'ஜிஓவி', அடுத்து 'டிஎன்' என்று வந்தால் அது தமிழக அரசின் இடம். 'டாட் ஜிஓவி டாட் இன்' முகவரியை அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். ஆனால் 'டிஎன்ஜிஓவி' என்று ஒட்டி எழுதி 'டாட் காம்' என்று முடிந்தால் அதை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். இடப்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் அலங்காரம், வலக்கோடியில் இருப்பதுதான் பத்திரம். முகவரியில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று கேட்பார்கள். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மேல் அந்தப் பூட்டு ஒன்றும் சொல்வதில்லை, ஏமாற்றுக்காரரும் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு தடவை சரியான தளத்தைப் பிடித்துவிட்டால் உடனே புக்மார்க் செய்து, அதன் பெயரை அழித்துவிட்டுத் தமிழில் 'பட்டா', 'ரேஷன்', 'வில்லங்கம்' என்று வைத்துவிடுவேன். அடுத்த முறை முகவரிப் பட்டையில் 'பட்' என்று அடித்தாலே மேலே வந்துவிடும். தேடுபொறிப் பக்கம் போக வேண்டியதே இல்லை, போலிகளின் முகத்தில் விழிக்க வேண்டியதும் இல்லை. வங்கிக்கும் இதேதான். வங்கியின் கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடவே மாட்டேன், ஏடிஎம் கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அடிப்பேன்.

பணம் பற்றி ஒன்றே ஒன்று: யுபிஐ பின் என்பது பணம் கொடுப்பதற்குத்தான், பணம் வாங்குவதற்கு அந்த எண் தேவையே இல்லை. 'பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று எவர் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

டேப், லிங்க், இன்ன பிற

இரவு படுக்கப் போகும் முன் எல்லா டேபையும் மூடிவிடுவேன். இதைத்தான் மனைவி கிறுக்கு என்கிறாள். மூடியது வேண்டும் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக மூடியதில் இருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வரும், அதனால் பயப்பட வேண்டாம். மவுஸ் சக்கரம் உருட்ட மட்டும் இல்லை, அதை அழுத்தவும் முடியும் என்பது ஆபீஸில் பல பேருக்குத் தெரியவில்லை. லிங்க் மேல் வைத்துச் சக்கரத்தை அழுத்தினால் புது டேபில் திறக்கும், டேப் மேல் வைத்து அழுத்தினால் மூடிவிடும்.

பிறகு படிக்கலாம் என்று தோன்றும் லிங்க்கை எங்கே வைப்பது? எனக்கு வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொள்வதுதான் வசதி. ஆனால் வெறும் லிங்க்கை அனுப்பினால் ஒரு வாரம் கழித்து அது எதற்கு என்று நமக்கே தெரியாது. அதனால் கீழே ஒரு வரி, நான் பேசுகிற மாதிரியே எழுதிவிடுவேன்: 'மொட்டைமாடி ஒழுகல், வெள்ளை டைல்ஸ் போடலாமா'. ஆறு மாதம் கழித்து மழை வரும்போது 'ஒழுகல்' என்று தேடினால் கிடைத்துவிடும். கட்டுரையின் தலைப்பு யாருக்கு நினைவிருக்கும்?

லிங்க் பகிரும்போது வாலை வெட்டுவது இன்னொரு பழக்கம். முகவரியில் 'யுடிஎம்' என்று ஆரம்பிக்கும் பகுதியும், யூடியூப் லிங்க்கின் கடைசியில் 'எஸ்ஐ' சமக்குறி போட்டு வரும் எழுத்துக்கூட்டமும் எந்த வழியாக, யார் பகிர்ந்ததில் இருந்து வந்தீர்கள் என்று கணக்கு வைக்கத்தான். அழித்துவிட்டாலும் பக்கம் திறக்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது எல்லாமே குப்பை என்று வெட்டிவிடாதீர்கள், யூடியூப்பின் நீளமான முகவரியில் 'வி' சமக்குறிக்கு அடுத்து இருப்பதுதான் வீடியோவே.

வீடியோவில் சங்கதிக்கு வருவதற்குள் 'வணக்கம் நண்பர்களே' முடிந்து, பெல் பட்டனை அழுத்தச் சொல்லி, சொந்தக்கதை ஓடும். கம்ப்யூட்டரில் எண் விசைகள் உதவும்: 3 அழுத்தினால் முப்பது சதவீதத்துக்குத் தாவும், 5 என்றால் பாதிக்கு. வேகத்தை ஒன்றே முக்காலில் வைத்துவிடுவேன். சமையல் வீடியோவை மட்டும் மெதுவாகப் பார்ப்பேன், அதில் எண்ணெய் பிரியும் பக்குவம் எல்லாம் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

பொருள் வாங்கும்போது ஐந்து நட்சத்திர விமர்சனத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரத்தைத்தான் படிப்பேன். கோபமும் இல்லாமல் கூலியும் வாங்காமல் எழுதுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை. மிக்ஸி எத்தனை மாதத்தில் சத்தம் போட ஆரம்பிக்கும் என்பது மூன்று நட்சத்திரக்காரருக்குத்தான் தெரியும்.

பழையதைத் தோண்டுவது

எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு இது. ஒரு தளம் செத்துப்போயிருந்தால் அதன் முகவரியை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். 1996ல் இருந்து பக்கங்களைச் சேமித்துவருகிறார்கள், 2001ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். எல்லாம் இருக்காது, ஆனால் இருக்கும்போது ஒரு சந்தோஷம். தமிழ் நூல்களுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்நூலகம். இந்த மூன்றையும் பார்க்காமல் 'அந்தப் புத்தகம் எங்குமே கிடைக்கவில்லை' என்று சொல்லக் கூடாது.

பழைய பக்கங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக இருக்கும். பக்கம் கெட்டுப்போகவில்லை, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை பரவுவதற்கு முந்திய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்தது. அரைப்புள்ளி இருக்கும் இடமெல்லாம் மெய்யெழுத்தின் புள்ளி. அதை அப்படியே நகலெடுத்து 'பாமினி யூனிகோடு மாற்றி' என்று தேடினால் வரும் ஏதாவது ஒரு பக்கத்தில் ஒட்டினால் தமிழாகிவிடும். பிடிஎஃபில் இருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், அதற்கு வேறு வழி. கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறவுங்கள். படத்தைப் படித்து எழுத்தாக்கித் தரும், அச்சு தெளிவாக இருந்தால் ஒன்றிரண்டு பிழைதான் இருக்கும். ஸ்கேன் செய்த பழைய பத்திரிகைக்கும் இதுவே.

தட்டச்சுக்கு நான் தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். ககரத்தை இரண்டு முறை அடித்தால் 'க்க' என்று புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும், 'ங்க', 'ந்த', 'ம்ப' எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் பழகியவர்களுக்கு ஆரம்பத்தில் கை தடுமாறும், பழகிவிட்டால் திரும்பிப் போக மனசு வராது. விருப்பம் இல்லை என்றால் விடுங்கள், போனில் மைக்கை அழுத்திப் பேசினால்கூட இப்போது நன்றாகவே எழுதுகிறது. காற்புள்ளிதான் நாம் போட வேண்டும்.

குடும்ப குரூப்

'இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு அருகே வருகின்றன, போனை அணைத்துவிடுங்கள்' என்ற செய்தி வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் தேதி இருக்காது, கவனித்தீர்களா? 'இன்று' என்று மட்டும் இருக்கும், அதனால்தான் சாவதே இல்லை. எனக்கு ஃபார்வர்டைச் சோதிக்க முதல் அடையாளம் அதுதான். இரண்டாவது, இரட்டை அம்புக்குறி, அதாவது கை மாறிக் கை மாறி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் அனுப்ப வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் இருந்து விடுவதில்லை. சந்தேகம் வந்தால் அதில் இருக்கும் விசித்திரமான ஒரு வரியை எடுத்து மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுங்கள். மூன்று வருடத்துக்கு முந்திய பக்கத்தில் அதே வரி இருந்தால் முடிந்தது கதை. படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பழைய படமா என்று பார்ப்பேன்.

குரூப்பில் எல்லோர் முன்னாலும் 'இது பொய்' என்று எழுதாதீர்கள், அனுப்பியவர் பெரியப்பாவாக இருந்தால் தீபாவளி வரை பேச மாட்டார். தனியாகக் கூப்பிட்டு, 'பெரியப்பா, அது பழசாம், பாருங்க' என்று லிங்க்கை அனுப்பினால் அவரே குரூப்பில் அழித்துவிடுவார்.

இந்த குட்மார்னிங் பூக்களால் போன் நிறைந்துபோவதற்கு, வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்தில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிடுங்கள், மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் தனித்தனியாக நிறுத்த வேண்டும். அதே இடத்தில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' தொட்டால் எந்த குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதில் இருந்து வரிசையாகக் காட்டும். மொத்தமாக அழிப்பதற்கு முன் கல்யாண வீடியோ எதுவும் நடுவில் மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிடுங்கள்.